கெல்வின் பெருமகனாரும் கடலடித் தந்தியும்

மக்கள் கூடி வாழத் தொடங்கிய நாள் முதல், சேய்மையில் இருப்பார்க்குச் செய்தி விடுத்தலும், அதன் மறுமொழியை எதிர்நோக்கி இருத்தலும் அவர்தம் வாழ்வில் இடையறாது நிகழ்ந்து வருகின்றன. தூதன் குதிரையேறிச் சென்ற காலத்தில் செய்தியின் விரைவு குதிரையின் கால்களைப் பொறுத்திருந்தது. கப்பல் கொண்டு சென்ற காலத்தில் அது காற்றைப் பொறுத்திருந்தது. மின்சாரத்தின் துணை கிடைத்த பின்னர், காலமும் இடமும் ஒருங்கே வெல்லப்பட்டன என்று பலர் ஆரவாரித்தனர். அவ்வாரவாரத்தினிடையே, மின்சாரமும் காலந்தாழ்த்தும் என்றும், அத்தாழ்வை அளக்கலாம் என்றும், அளந்தால் குறைக்கலாம் என்றும் அமைதியாய்க் கூறி, அவ்வாறே செய்தும் காட்டினார் ஒருவர். அவரே கெல்வின் பிரபு எனப் பிற்காலத்துப் பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸன் என்பார். வெப்ப அளவை ஒன்றிற்கு அவர் பெயர் இட்டு வழங்குதலால், பௌதிகம் பயிலும் எம் நண்பர்கள் அப்பெயரை நாள்தோறும் சொல்லி வருகின்றனர். ஆயினும் அவர்தம் வரலாற்றை அறிந்தார் அவருள்ளும் சிலரே. இலக்கணமும் இலக்கியமும் பயிலும் யாம் இதனை எழுதப் புகுந்தது ஓரளவு துணிவே. எனினும், சொல் ஒருவரிடமிருந்து மற்றொருவரை எவ்வாறு சென்று சேர்கின்றது என்பது சொல்லைப் பயில்வார்க்கு அயலான பொருள் அன்று என்னும் எண்ணமே எம்மை இதன்கண் ஊக்கியது.

பிறப்பும் கல்வியும்

வில்லியம் தாம்ஸன் 1824-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ம் நாள் அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் தாம்ஸன் கணித ஆசிரியர்; உழவர் குடியிற் பிறந்து, தம் முயற்சியாலேயே கற்று உயர்ந்தவர். வில்லியம் ஆறாண்டுச் சிறுவராய் இருந்தபொழுது, 1830-ல், அன்னையார் காலமானார். தாயற்ற மக்களுக்குத் தந்தையே தாயும் ஆசிரியருமாய் அமைந்தார். 1832-ல் தந்தையார்க்குக் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தமையால், குடும்பத்தார் அனைவரும் ஸ்காட்லாந்து சேர்ந்தனர். 1834-ல், தம் பத்தாம் வயதில், வில்லியம் அச்சர்வகலாசாலையிலேயே மாணவராய்ப் பதிவு பெற்றார்.

அவர்தம் வாழ்வின் போக்கினை உறுதி செய்த நிகழ்ச்சி 1840-ல் நேர்ந்தது. வெப்பம் ஒரு பொருளினூடே எவ்வாறு பரவுகின்றது என்பதைக் கணித முறையால் விளக்கிப் பூரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய நூலொன்றை அவர் சர்வகலாசாலை நூல்நிலையத்திலிருந்து எடுத்துச் சென்றார். முதியோரும் கண்டு அஞ்சும் அந்நூலைப் பதினைந்து நாட்களில் கற்றுத் தேர்ந்தார். எடின்பரோ நகரத்துக் கணிதப் பேராசிரியர் ஒருவர் பூரியேயின் முறையிற் பிழை உண்டென எழுதியிருந்தார். பிழை பூரியேயிடத்து இல்லை, குற்றங் கண்டாரிடத்தே உள்ளது என்று காட்டி இவ்விளைஞர் எழுதிய கட்டுரை 1841-ல் வெளியாயிற்று. அப்பொழுது அவர்க்கு வயது பதினாறு. இரும்புக் கோலின் ஒரு முனையிற் பற்றிய வெப்பம் மறுமுனைக்கு மெல்ல ஊர்ந்து செல்லும் முறையைக் கூறும் அக்கணிதம், பதினான்கு ஆண்டுகட்குப் பின்னர் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியிலே தமக்கு வழிகாட்டும் என்பதை அன்று அவர் அறிந்திலர்.

பின்னர்க் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பீட்டர்ஹவுஸ் கலாசாலையிற் சேர்ந்து பயின்றார். படகு வலித்தலில் பரிசு பெற்றார். இசையிலும் பற்றுக் கொண்டிருந்தார். 1845-ம் ஆண்டுக் கணிதத் தேர்வில் அவர் முதலிடம் பெறுவார் என எல்லோரும் எதிர்பார்த்திருக்க, இரண்டாம் இடமே கிட்டியது. ஆயினும் அடுத்து நிகழ்ந்த ஸ்மித் பரிசுத் தேர்வில் அவரே முதல்வராய் வந்தார். அதன்பின் பாரிஸ் நகரஞ் சென்று, ரெனோ என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் நுட்பமாய் அளக்கும் பயிற்சியைப் பெற்றார். கணிதம் கேம்பிரிட்ஜ் தந்த செல்வம். அளவை பாரிஸ் தந்த செல்வம். இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியமையே அவர்தம் பெருமைக்குக் காரணம் என யாம் கருதுகின்றோம்.

பேராசிரியர்ப் பதவி

1846-ல், இருபத்திரண்டாம் வயதில், அவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராய் நியமனம் பெற்றார். அன்று ஏற்ற அப்பதவியை 1899 வரை, ஐம்பத்து மூன்று ஆண்டுகள், வேறெங்கும் செல்லாது வகித்தார். கேம்பிரிட்ஜ் அவரைப் பலமுறை அழைத்தும் அவர் இசைந்திலர். காலை வகுப்பினை ஜெபத்தோடு தொடங்குதல் அவர் வழக்கம். வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும் பொருளை விடுத்து, அந்நொடியில் மனத்தில் எழுந்த புதுக்கருத்தின் பின்னே அவர் ஓடிவிடுதலும் உண்டு. மாணவர் பலர் பின்தொடர இயலாது திகைத்தனர் எனினும், அவரை நேசியாதார் எவரும் இலர்.

கலாசாலைக் கட்டடத்திற் பாழடைந்து கிடந்த ஒரு திராட்சரச நிலவறையைக் கேட்டுப் பெற்று, மாணவர் தம் கையாலேயே சோதனை செய்து பழகும் ஆய்வுக்கூடமாக அதனை ஆக்கினார். பிரிட்டனில் மாணவர்க்கென அமைந்த பௌதிக ஆய்வுக்கூடங்களுள் அதுவே முதலாவது என்பர். 1848-ல், வெப்பத்தின் தனிநிலை அளவையை வகுத்தார். 1852-ல் மார்கரெட் கிரம் அம்மையாரை மணந்தார். மணமான சில நாட்களிலேயே அவ்வம்மையார் நோயுற்றார்; அந்நோய் இறுதிவரை நீங்கிற்றில்லை.

தாழ்வின் காரணம்

இனி யாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். 1851-ல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் டோவரிலிருந்து கலேவுக்குத் தந்திக் கம்பி இடப்பட்டது. அதற்குப்பின் மேலும் நீண்ட கடற்கம்பிகளும் நிலத்தடிக் கம்பிகளும் அமைந்தன. இவற்றில் ஒரு விந்தை காணப்பட்டது. கம்பங்களின்மேற் செல்லும் கம்பியில் குறிகள் தெளிவாய்ச் சென்றன. நிலத்தடியிலும் கடலடியிலும் செல்லும் கம்பியிலோ, அவை காலந்தாழ்த்தும், ஒன்றோடொன்று கலங்கியும் வந்தன. லாடிமர் கிளார்க் என்னும் பொறியியலார் இதனைக் கண்டு கூற, பாரடே பெரியார் 1854-ல் இதன் தன்மையை ஆராய்ந்து விளக்கினார். செப்புக் கம்பியைச் சுற்றிக் கட்டாப்பெர்ச்சா என்னும் மரப்பால் உறை உள்ளது. அதற்கு வெளியே கடல்நீர் உள்ளது. ஆகவே அக்கம்பி முழுவதும் மின்னைத் தேக்கிவைக்கும் ஒரு நீண்ட சாடியாகிவிடுகின்றது என்பதே அவர் விளக்கம்.

இதனை நம் நாட்டு உழவர் அறிந்த ஒன்றைக்கொண்டு எளிதில் உணரலாம். வறண்டு கிடந்த நீண்ட வாய்க்காலின் தலைமடையைத் திறந்துவிட்டால், கடைமடையில் உடனே நீர் தோன்றுவதில்லை. வழிநெடுகப் படுகையை நனைத்து நிரப்பிய பின்னரே, முதலில் ஒரு மெல்லிய கசிவும், பின்னர்ச் சிறிது சிறிதாய்ப் பெருக்கும் அங்குத் தோன்றும். தலைமடையை அடைத்த பின்னும் கடைமடையில் நீர் நெடுநேரம் வடிந்துகொண்டே இருக்கும். முதல் நீர் வடியுமுன் இரண்டாம் முறை திறந்தால், இரண்டும் கலந்து, எது முன்னது எது பின்னது என்று கடைமடையில் நிற்பவன் பகுத்தறிய மாட்டான். கடற்கம்பியில் நேர்ந்ததும் இதுவே.

தாம்ஸனார் 1854-ம் ஆண்டின் பிற்பகுதியில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் என்பார்க்கு எழுதிய கடிதங்களில் இதற்குரிய கணக்கை வகுத்தார். 1855-ல் அது அச்சேறியது. இளமையில் தாம் நேசித்த பூரியேயின் வெப்பக் கணிதமே இங்கும் பொருந்துவதை அவர் கண்டார். கோலில் வெப்பம் ஊர்தலும் கம்பியில் மின் ஊர்தலும் ஒரே விதிக்கு உட்பட்டன. அதினின்றும் எழுந்த முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. கம்பியின் நீளம் இரு மடங்கானால் அதன் தடையும் இரு மடங்காகும். அது தேக்கும் மின்னும் இரு மடங்காகும். ஆகவே தாழ்வு நான்கு மடங்காகும். அஃதாவது, தாழ்வு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 மைல் நீளமுடைய கம்பியோடு ஒப்பிட, அதே பருமனுடைய 2,500 மைல் கம்பி நூறு மடங்கு நீண்டது. தாழ்வோ பதினாயிரம் மடங்கு. நோயின் காரணத்தைக் கூறிய அக்கணக்கு மருந்தையும் உடன் கூறிற்று. செப்பினைப் பருமனாக்கினால் தடை குறையும். உறையைத் தடிப்பாக்கினால் தேக்கம் குறையும். இரண்டுங் குறையின் தாழ்வுங் குறையும்.

மறுப்பும் விடையும்

அக்காலத்தில் அமெரிக்க வணிகராகிய ஸைரஸ் பீல்டு என்பார் அயர்லாந்தையும் நியூபவுண்ட்லாந்தையும் கடலடிக் கம்பியால் இணைக்க முனைந்து நின்றார். 1856-ல் மூன்றரை லட்சம் பவுன் முதலுடன் அட்லாண்டிக் தந்திக் கம்பெனி தோன்றியது. அதற்கு மின்னியல் அதிகாரியாய் அமைந்தவர் ஒயிட்ஹவுஸ் என்னும் மருத்துவர். அவர் சோம்பரும் அல்லர், கல்லாதாரும் அல்லர். பல சோதனைகளைத் தம் கையாற் செய்து பார்த்தவர். ஆயினும், வர்க்க விதி கம்பிகளிற் காணப்படவில்லை என்று 1856-ல் நிகழ்ந்த பிரிட்டிஷ் அறிவியற் சங்கக் கூட்டத்தில் அவர் மறுத்துரைத்தார். விதி உண்மையாயின் அட்லாண்டிக் தந்தி கைகூடாக் கனவாகும் என்பது அவர் அச்சம். விதி உண்மையே, அதனாற் கனவு அழியாது, விதியை அறிந்து கம்பியை அமைப்போமாயின் அது நனவாகும் என்பது தாம்ஸனார் விடை. விரும்பிய ஒன்றிற்குத் தடையாய்த் தோன்றும் உண்மையை ஒருவர் மறுத்தார். மற்றவர் அவ்வுண்மையையே படியாக்கி மேலேற எண்ணினார்.

தாம்ஸனார் அக்கம்பெனியின் இயக்குநருள் ஒருவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவர் உள்ளே புகுந்தபோது கம்பியின் அளவு முன்னரே முடிவாகிவிட்டது. கடல் மைல் ஒன்றுக்கு 107 ராத்தல் செம்பு. 261 ராத்தல் கட்டாப்பெர்ச்சா. இது போதாது என்று அவர் கூறியது பயன்படவில்லை. எனினும் அவர் வாளா இருந்திலர். விற்பனைக்கு வரும் செப்புக் கம்பிகளைத் தம் நிலவறை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் செம்புகளிடையே மின்னைக் கடத்தும் ஆற்றல் பெரிதும் வேறுபடுவதைக் கண்டார். செம்பின் தூய்மையே அதற்குக் காரணம். அதன்பின்னரே, கம்பியை வாங்குமுன் அதன் கடத்தும் ஆற்றலை அளந்து பார்க்கும் வழக்கம் தொழிலாளரிடையே உண்டாயிற்று.

முதற் கம்பியின் வாழ்வும் சாவும்

1857 ஆகஸ்டில் கம்பியிடும் முதன் முயற்சி நிகழ்ந்தது. முந்நூறு மைலுக்கு மேல் இட்ட பின்னர்க் கம்பி அறுந்து ஆழ்கடலில் மறைந்தது. 1858 ஜூன் மாதத்தில் அகமெம்னன், நயாகரா என்னும் இரு கப்பல்களும் மீண்டும் புறப்பட்டன. உடல்நலங் காரணமாக ஒயிட்ஹவுஸ் கப்பலேற மறுத்தமையால், தாம்ஸனார் ஊதியம் யாதும் பெறாது அவரிடத்தில் சென்றார். பெரும்பாரம் ஏற்றிய அகமெம்னன் கடும்புயலிற் சிக்கி ஒருவாரத்திற்கு மேல் உயிருக்குப் போராடியது. பலமுறை கம்பி அறுந்தது. இறுதியாக ஜூலை 29-ம் நாள் நடுக்கடலில் இருபாதிகளையும் இணைத்து, இரு கப்பல்களும் எதிரெதிர்த் திசையிற் சென்றன. ஆகஸ்ட் 5-ம் நாள் இரு கரைகளிலும் கம்பி ஏறியது. இரு நாட்டு மக்களும் மணியொலித்தும் வாணங்கள் விட்டும் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி நிலைத்திலது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்கத் தலைவர்க்கு விடுத்த வாழ்த்துச் செய்தி நூறு சொல்லிற்கும் உட்பட்டது; அதனை அனுப்பி முடிக்க ஏறத்தாழ 16 மணி நேரமாயிற்று. கணக்கிட்டுப் பார்ப்பின் ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். ஐந்தடி நீளமுடைய சுருள்களைக் கொண்டு, 2,000 வோல்ட்டளவு வலிமையுடைய மின்னை ஒயிட்ஹவுஸ் கம்பியினுள் செலுத்தினார். வலிய கையால் தள்ளினால் விரைவிற் செல்லும் என்பது அவர் கருத்து. தாம்ஸனார் கண்ட வழியோ இதற்கு நேர்மாறானது. அனுப்புங் கையை வலிமையாக்க வேண்டுவதில்லை. ஏற்குங் கண்ணை நுண்மையாக்க வேண்டும் என்பதே அது.

அதற்கென அவர் இயற்றியது கண்ணாடி மின்காட்டி என்னும் கருவி. ஒரு சிறு வட்டக் கண்ணாடி. அதன் பின்புறத்தில் ஒட்டிய நுண்ணிய காந்தத் துண்டுகள். இவையிரண்டுங் கூடி ஒரு குன்றிமணியின் எடைக்கும் குறைவானவை. அவற்றை ஒரு பட்டிழையில் தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிச்சுருள் அமைத்தார். விளக்கொளி கண்ணாடியிற் பட்டுத் திரும்பி எதிரிலுள்ள அளவுகோலில் ஒளிப்புள்ளியாய் விழும். மெல்லிய மின் வந்தாலும் கண்ணாடி சிறிது திரும்பும். ஒளிப்புள்ளி இடமோ வலமோ நெடுந்தூரம் நகரும். எடையே இல்லாத ஒளிக்கதிரை முள்ளாகக்கொண்டமையால், அதனை அசைப்பதிற் காலம் வீணாவதில்லை. கடைமடையில் நீர் பெருகி வரும்வரை காத்திராமல், முதற் கசிவைக் கண்டவுடனே செய்தியை அறிந்துகொள்ளும் உபாயம் இது. இதனோடு, ஒரு குறியை அனுப்பியவுடன் அதற்கு எதிரான மின்னைச் சிறிது செலுத்தி, கம்பியிற் தேங்கியதை வடித்துவிடும் முறையையும் அவர் வகுத்தார். அடுத்த குறி செல்வதற்கு வழி விரைவில் ஒழியும் அன்றோ?

வாலன்ஷியா நிலையத்தில் உண்மையிற் செய்திகளைப் படித்தது இக்கண்ணாடிக் கருவியே. ஒயிட்ஹவுஸ் தம் கருவியே படித்ததாகக் கூறிவந்தார். இது வெளிப்பட, இயக்குநர்கள் அவரை ஆகஸ்டிலேயே நீக்கிவிட்டனர். ஆயினும் கம்பிக்கு ஏற்பட்ட கேடு நீங்கவில்லை. செய்யும்போதே உறையிற் குறைகள் இருந்தன. மாதக்கணக்கில் வெயிலிலும் கிடந்தது. அதன்மேல் வலிய மின்னின் தாக்குதல். எழுநூறுக்கு மேற்பட்ட செய்திகளைச் சுமந்தபின், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கம்பி பேச்சிழந்தது. அக்டோபரில் அறவே மாண்டது.

அது பேசிய இறுதி நாட்களில் ஒரு செய்தி சென்றது. இந்தியாவில் 1857-ல் எழுந்த கிளர்ச்சியின் பொருட்டுக் கானடாவிலிருந்து இரண்டு படைப்பிரிவுகளைத் திருப்பி அழைக்குமாறு முன்னரே கட்டளை சென்றிருந்தது. கிளர்ச்சி தணிந்தமையால் அவை வரவேண்டா என்று ஆகஸ்ட் 31-ம் நாள் கம்பிவழி அறிவித்தனர். கப்பல் வழியே அம்மறு கட்டளை சென்றிருப்பின் படைகள் அதற்குள் புறப்பட்டிருக்கும். இவ்வொரு செய்தியால் அரசாங்கத்துக்கு மிஞ்சியது 50,000 பவுன் என்பர். தாழ்வின் விலை என்ன என்பதை இதனினும் தெளிவாய்க் காட்டுவது வேறில்லை.

வெற்றி

தோல்வியின் காரணத்தை ஆராய அரசாங்கமும் கம்பெனியும் கூடி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தன. 1861-ல் அதன் அறிக்கை வெளிவந்தது. தாம்ஸனார் கொள்கைகளே சரியானவை என்பது அதனால் உறுதிப்பட்டது. அவ்வாண்டே, மின்தடையை எவ்வூரினும் ஒரே அளவால் அளக்கும் பொருட்டு, அவர் தூண்டுதலால் பிரிட்டிஷ் அறிவியற் சங்கத்தில் ஓர் அளவைக் குழு தோன்றியது. ஆளுக்கோர் அளவுகோல் இருக்குமாயின் அளத்தலாற் பயனென்ன? இதற்கு முன்னரே, 1860-ம் ஆண்டு டிசம்பரில், பனிக்கட்டிமேல் விளையாடுங்கால் வழுக்கி வீழ்ந்து தொடையெலும்பு முறிய, அவர் தம் வாழ்நாள் முழுதும் கால் சாய்த்தே நடக்கலானார். அக்காலோடுதான் பின்னரும் கப்பலேறினார்.

1865-ல் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் மாபெருங் கப்பல் புதுக் கம்பியை ஏற்றிச் சென்றது. இம்முறை கடல் மைல் ஒன்றுக்கு 300 ராத்தல் செம்பும் 400 ராத்தல் கட்டாப்பெர்ச்சாவும் இருந்தன. சுமார் 1,200 மைல் இட்டபின் ஆகஸ்ட் 2-ம் நாள் கம்பி அறுந்து, இரண்டு மைலுக்கு மேற்பட்ட ஆழத்தில் வீழ்ந்தது. மறு ஆண்டு மீண்டுஞ் சென்றனர். 1866-ம் ஆண்டு ஜூலை 27-ம் நாள் கம்பி நியூபவுண்ட்லாந்தின் கரையேறியது. அம்மட்டோ! முன்னாண்டு இழந்த கம்பியையும் ஆழ்கடலிலிருந்து கொக்கியிட்டு எடுத்து, செப்டம்பரில் முடித்தனர். தாம்ஸனார் இரு யாத்திரையிலும் உடனிருந்தார்.

புதுக் கம்பியில் நிமிடத்துக்கு எட்டுச் சொற்கள் அளவு செய்தி சென்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு சொல் சென்ற பழங்கம்பியை நோக்க இஃது எண்பது மடங்கு விரைவு. இருபது சொல்லுக்கு இருபது பவுன் என்பது தொடக்கத்திலிருந்த கட்டணம். அவ்வாண்டே லாடிமர் கிளார்க் இரு கம்பிகளையும் நியூபவுண்ட்லாந்தில் ஒன்றாய் இணைக்கச் செய்து, தையலார் விரலில் இடும் ஒரு வெள்ளிக் கூட்டில் சிறிது அமிலமும் துத்தநாகத் துண்டும் இட்டுப் பெற்ற மின்னால் அயர்லாந்திலிருந்து குறியனுப்பினார். அம்மின் அட்லாண்டிக்கைக் கடந்து, திரும்பவும் கடந்து, ஏறத்தாழ ஒரு வினாடியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து கண்ணாடிக் கருவியை அசைத்தது. 2,000 வோல்ட்டு வலிமை செய்ய மாட்டாததை ஒரு விரற்கூட்டு அமிலம் செய்தது.

1866-ல் அவர் ஸர் பட்டம் பெற்றார். 1867-ல், வரும் குறிகளைத் தாளின்மேல் மையாலே தானே எழுதும் கருவியைப் படைத்தார். நுண்ணிய கண்ணாடிக் குழாய் தாளைத் தொடாமலே அதன்மேல் மையைத் தெளிக்கும்; தொட்டால் உராய்வாற் காலமும் நுட்பமும் கெடும் என்பது அவர் கவலை. 1870-ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கும், 1871-ல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் கடலடித் தந்திகள் அமைந்தன. நம் கரையும் இவ்வாறு உலகவலையில் ஒரு கண்ணியாயிற்று.

பிற்கால வாழ்வு

வெற்றி வந்தபின் வீட்டில் துயரம் புகுந்தது. 1870-ல் மார்கரெட் அம்மையார் உயிர் நீத்தார். தாம்ஸனார் ஒரு பாய்க்கப்பலை வாங்கிக் கடலிலேயே பெரும்பொழுதும் கழித்தார். அக்கடல் வாழ்வும் வீணாகவில்லை. இருப்புக் கப்பலுக்கு ஏற்ற திசைகாட்டி, மெல்லிய எஃகுக் கம்பியால் ஆழம் அளக்கும் பொறி, கடலின் ஏற்றவற்றங்களை முன்னறியும் பொறி ஆகியவை அதன் விளைவு. மதேராத் தீவிலே பிளாண்டி குடும்பத்தார்க்கு விளக்கொளியாற் குறியனுப்பும் முறையைக் கற்பித்திருந்தார். பின்னர் 1874-ல் அங்கு மீண்டபோது, கப்பலிலிருந்தே அக்குடும்பத்துப் பிரான்ஸெஸ் அம்மையார்க்கு மண விருப்பத்தைக் குறியால் அறிவித்தார் என்றும், இசைவும் உடனே குறியால் வந்ததென்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவ்வாண்டே அவரை மணந்தார் என்பது மெய்.

1892-ல் பிரபு பதவி பெற்று, சர்வகலாசாலையை அடுத்து ஓடும் ஆற்றின் பெயரால் கெல்வின் பிரபு ஆனார். அறிவியலுக்காகப் பிரபுக்கள் சபையில் இடம்பெற்ற முதல்வர் அவரே. 1896-ல் அவர்தம் பேராசிரியப் பணியின் பொன்விழா கிளாஸ்கோவில் நிகழ்ந்தது. விழாவில் அவர் பெயரால் ஒரு செய்தி சர்வகலாசாலை நூல்நிலையத்தின் ஒரு புறத்திலிருந்து புறப்பட்டது. அது கடலைக் கடந்து, நியூயார்க், சிகாகோ, ஸான் பிரான்ஸிஸ்கோ முதலிய நகரங்களைச் சுற்றி, எட்டு நிமிடத்துக்குள் அதே அறையின் மறுபுறத்தை அடைந்தது. உலகப் பேரறிஞரெல்லாம் வாழ்த்தி முடித்தபின் அவர் எழுந்து, ஐம்பத்தைந்தாண்டு ஆராய்ச்சியைத் தோல்வி என்னும் ஒரே சொல்லாற் சுட்டினார். மின்னின் உள்ளியல்பை இளமையில் அறிந்ததற்கு மேல் தாம் அறிந்திலர் என்பது அவர் கருத்து.

அவர் பிழையே செய்யாதவர் என்று கூறுதல் மெய்யாகாது. பூமியின் வயதை வெப்பக் கணக்கால் ஆய்ந்து, 1897-ல் அது இரண்டு கோடி முதல் நான்கு கோடி ஆண்டுகள் வரை இருக்கலாம் என்றார். மண்ணூலாரும் உயிர்நூலாரும் அது போதாதென முறையிட்டும் அவர் இளகவில்லை. இன்று நாம் அறிவது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். பூரியேயின் கணிதம் பிழைபடவில்லை. பூமியின் உள்ளே நிகழ்வனவற்றை அவர் முழுதும் அறியாமையே பிழைக்குக் காரணம். கடலடியில் அவரைக் காத்த அக்கணிதமே நிலத்தடியில் அவரை ஏமாற்றிற்று. கருவி கூரியதாயினும், அதனிடம் இடும் பொருள் முழுமையாய் இருத்தல் வேண்டும் என்பதை இஃது அறிவுறுத்துகின்றது.

1899-ல் ஓய்வு பெற்றவுடன், அதே சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார்! பத்து வயதில் எழுதிய மாணவர் பெயரை எழுபத்தைந்தாம் வயதில் மீண்டும் எழுதிய அத்திறத்தை எண்ணுந்தோறும் எம் உள்ளம் உருகுகின்றது. 1907-ம் ஆண்டு டிசம்பர் 17-ம் நாள் அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டன் பெருமகனாரின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கஞ் செய்தனர்.

இக்காலத்துக்கு அவர் விட்டுச் சென்றது

அட்லாண்டிக் தந்திக் கம்பிகளின் காலம் கழிந்தது. 1988 முதல் அக்கடலடியில் ஒளியிழைகள் செய்தி சுமக்கின்றன. ஆயினும் அன்றைய வினா இன்று வேறு வடிவில் நம்முன் நிற்கின்றது. ஒரு கணிப்பொறியால் இயலாத பெருங்கணக்கைப் பல கணிப்பொறிகள் பங்கிட்டுச் செய்கின்றன. பங்கிட்டார் ஒருவரோடொருவர் இடையறாது பேசிக்கொள்ள வேண்டும். ஒன்றின் விடை வருமளவும் மற்றொன்று கைகட்டி நிற்குமாயின், கூட்டத்தாற் பயனில்லை. ஆகவே ஒரு சிறு செய்தி சென்றுசேரும் தாழ்வை அளக்கின்றனர். இரு பொறிகளின் கடிகாரங்களும் நுண்ணளவில் ஒத்திரா; எனவே செய்தியை அனுப்பித் திருப்பி அனுப்பச் செய்து, பல்லாயிரம் முறை இவ்வாறு ஆடவிட்டு, புறப்பட்ட இடத்துக் கடிகாரம் ஒன்றாலேயே மொத்தக் காலத்தைக் கண்டு, முறைகளின் இரட்டிப்பால் வகுக்கின்றனர். அக்கடலை இருமுறை கடந்த கிளார்க்கின் குறியே எமக்கு நினைவு வருகின்றது.

அளந்தபோது அவர்கள் கண்டதும் பழைய பாடமே. ஒளி கண்ணாடி இழையில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் சுமார் 200 மீட்டர் செல்லும். ஒரே கூடத்தில் வைத்த பொறிகளுக்கிடையே வழியிற் செலவாகும் காலம் மிகச் சிறிது. பெருந்தாழ்வு முனைகளிலேயே நிகழ்கின்றது. செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பலமுறை பெயர்த்தெழுதுதலும், பொறியை ஆளும் மென்பொருளின் வாயில்தோறும் நிறுத்தி உசாவுதலும் அதற்குக் காரணம். எனவே பெயர்த்தெழுதலை ஒழித்து, அவ்வாயில்களைச் சுற்றிப்போகும் நேர்வழி அமைத்து, தாழ்வைப் பலமடங்கு குறைத்தனர். கனத்த கருவியை நீக்கிச் சிறு கண்ணாடியைத் தொங்கவிட்டவர் செய்ததும் இதுவே அன்றோ?

முடிவாக யாம் கூறுவது ஒன்று. விரைவு வேண்டுமென்னும் ஆவலில் வலிமையைப் பெருக்குதல் எளிது; தாழ்வு எங்கே நிகழ்கின்றது என்று பொறுமையுடன் அளந்து காணுதல் அரிது. எளியதைச் செய்தவர் கடலடியில் கம்பியைக் கொன்றார். அரியதைச் செய்தவர் இரு கண்டங்களைப் பேசவைத்தார். அதன் பின்னும் தம்மைத் தோற்றவர் என்றே எண்ணினார். கற்கும் பருவத்தில் நிற்கும் எம்போலியர்க்கு அவர்தம் வெற்றியினும் அப்பணிவே பெரிய பாடம். ஐம்பத்து மூன்றாண்டு ஆசிரியராய் இருந்தும் மீண்டும் மாணவராய்ப் பெயர் பதிந்த அப்பெரியாரை நினைந்து, யாமும் எம் பெயரை மாணவர் வரிசையினின்றும் என்றும் நீக்காதிருப்போமாக.